ஒரே பில்லுல நெட்டும் போனும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல வீட்டு ஃபைபர் நெட் பத்தி எழுதினதுக்கு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்தைத்தான் கேக்குது. நெட் குடுக்குற கம்பெனி மொபைலையும் எங்ககிட்டயே வச்சுக்கோங்கன்னு கூப்பிடுது, மொபைல் கம்பெனி ஃபைபரும் நாங்களே போட்டுத் தர்றோம்னு கூப்பிடுது, ரெண்டையும் சேர்த்து ஒரே பில்லுல தர்ற இந்த பேக்ல சேரலாமா வேணாமா? அதனால இந்தத் தடவை முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: வீட்டு வரவு செலவு நான்தான் பாக்குறேன் சார். மூணு மொபைல் நம்பரையும் ஃபைபரோட சேர்த்தா நல்லா குறையும்னு கஸ்டமர் கேர்ல அடிக்கடி கூப்பிடுறாங்க. நிஜமாவே குறையுமா?

குறையலாம்மா, ஆனா அவங்க சொல்ற கணக்கை வச்சு முடிவு பண்ணாதீங்க, உங்க கணக்கைப் போடுங்க. அவங்க "இவ்ளோ மிச்சம்"னு சொல்றது எல்லாத்தையும் அவங்ககிட்டயே தனித்தனியா முழு விலைக்கு வாங்கினா ஆகுற தொகையோட ஒப்பிட்டுத்தான். நீங்க அப்படி வாங்கலையே. போன ஆறு மாசத்துல நெட்டுக்கு எவ்ளோ கட்டினீங்க, ஒவ்வொரு நம்பருக்கும் எவ்ளோ ரீசார்ஜ் பண்ணீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கூட்டுங்க, அதையும் அவங்க சொல்ற தொகையில வரியைச் சேர்த்து வர்றதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, அப்பதான் உண்மை தெரியும். வீட்டுல யாராச்சும் மாசத்துக்கு நாலு கால் மட்டும் பேசுறவங்களா இருந்தா, அவங்க ப்ரீபெய்டுல சின்ன தொகையில ஓட்டிட்டு இருப்பாங்க, பேக்குக்குள்ள வந்ததும் அதே நம்பருக்கு தேவையே இல்லாத அளவு டேட்டாவோட போஸ்ட்பெய்டு ஆயிடும், நான் பார்த்த வரைக்கும் கணக்கு இடிக்கிறது பெரும்பாலும் இங்கதான். ஓடிடி இலவசம்னு சொல்றதையும் நீங்க இப்ப காசு குடுத்துப் பாக்குறதா இருந்தா மட்டும் கணக்குல சேருங்க.

இன்னொண்ணு கேட்டு எழுத்துல வாங்கணும். பாதியில ஒரு நம்பரைச் சேர்த்தா காண்ட்ராக்ட் காலம் மறுபடி முதல்ல இருந்து ஓடுமா? இதை நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல. ஐரோப்பிய யூனியன் 2018ல கொண்டுவந்த தொலைத்தொடர்புச் சட்டத் தொகுப்புல இதுக்குன்னே ஒரு பிரிவு இருக்கு: பேக்குல புதுசா ஒரு சேவையைச் சேர்க்கிறதால பழைய காண்ட்ராக்ட் நீளக்கூடாது, வாடிக்கையாளர் தெளிவா சம்மதிச்சா மட்டும்தான் நீளலாம். அதுமட்டும் இல்ல, பேக்குல ஒரு சேவை சொன்னபடி இல்லைன்னு சட்டப்படி அதை முறிக்க உரிமை இருந்தா மொத்த பேக்கையும் முறிச்சுக்கலாம். உங்க கம்பெனி இந்த ரெண்டுக்கும் என்ன பதில் சொல்லுதுன்னு கேளுங்க.

கேள்வி: நான் பி.காம் படிக்கிறேன் அண்ணா. தனித்தனியா வித்தா அதிக காசு வருமே, ஏன் கம்பெனிங்க சேர்த்து கம்மி விலைக்குக் குடுக்குறாங்க? அவங்களுக்கு என்ன லாபம்?

நல்ல கேள்வி தம்பி, கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

மொபைல் மாத்துறது ரொம்ப சுலபம், ஒரு மெசேஜ் அனுப்பி நம்பரை போர்ட் பண்ணிட்டு போயிட்டே இருக்கலாம். ஃபைபர் அப்படி இல்ல, ஆள் வரணும், வயர் இழுக்கணும், செவுத்துல ஓட்டை போடணும், நாம வீட்டுல இருக்கணும், அதனால ஜனங்க அதைச் சீக்கிரம் மாத்த மாட்டாங்க. சுலபமா ஓடிப்போற மொபைலை, நகராம கிடக்குற ஃபைபரோட கட்டிப்போட்டா மொபைலும் நகராது. வாடிக்கையாளர் விட்டுப் போறதை இந்தத் தொழில்ல சர்ன்னு சொல்லுவாங்க, ஒரு புது கஸ்டமரைப் பிடிக்க விளம்பரம், கமிஷன், இலவச ரவுட்டர்னு ஆகுற செலவு ரொம்ப அதிகம், அதனால இருக்கிறவங்களை விடாம வச்சுக்கிறதுக்கு தள்ளுபடி குடுத்தாலும் அவங்களுக்குக் கட்டுபடியாகுது.

ரெண்டாவது காரணம் நெட்வொர்க்குக்குள்ளயே இருக்கு. டவர்னு நாம பாக்குறோமே, அதுல காத்துல போறது போனுக்கும் டவருக்கும் நடுவுல மட்டும்தான், டவர்ல இருந்து பின்னாடி போறதுக்கு பெரும்பாலும் ஃபைபர்தான் வேணும். தெருவுல ஒரு தடவை கேபிள் புதைச்சா அதுலயே வீடும் ஓடும் டவரும் ஓடும். நீ வீட்டுக்குள்ள வந்ததும் உன் போன் வைஃபைக்கு மாறிடுதே, அப்ப உன் வீடியோ பூரா ஏலத்துல பெரிய தொகை குடுத்து வாங்கின அலைக்கற்றையில போகாம கேபிள்ல போகுது, டவருக்குச் சுமை குறையுது. அமெரிக்காவுல கேபிள் டிவி கம்பெனியான காம்காஸ்ட் 2017லயும் சார்ட்டர் 2018லயும் மொபைல் விக்க ஆரம்பிச்சது இதை நம்பித்தான். ஊர் முழுக்க சிக்னல் குடுக்குற மாதிரி சொந்த டவர் இல்ல, வெரைசான்ங்கிற மொபைல் கம்பெனியோட நெட்வொர்க்கை மொத்தமா வாடகைக்கு எடுத்தாங்க, வீட்டுலயும் வெளியிலயும் அவங்க வைஃபை வழியா எவ்ளோ டேட்டா போகுதோ அவ்ளோவுக்கு வெரைசானுக்குக் காசு குடுக்க வேண்டியதில்ல.

இதுல வேடிக்கை என்னன்னா ஒரு காலத்துல கம்பெனிங்களே இது ரெண்டையும் பிரிச்சாங்க. பிரிட்டன்ல பிடிங்கிற பெரிய டெலிகாம் கம்பெனி 2001ல தன்னோட மொபைல் பிரிவைத் தனியா வெட்டி விட்டுச்சு, அதுதான் ஓ2 ஆச்சு. அப்புறம் மொபைல் இல்லாம முடியாதுன்னு 2016 ஜனவரியில இஇங்கிற மொபைல் கம்பெனியை 1,250 கோடி பவுண்டு குடுத்து வாங்குச்சு. வெட்டி விட்ட ஓ2 என்ன ஆச்சு? அது 2021ல வர்ஜின் மீடியாங்கிற கேபிள் கம்பெனியோட சேர்ந்து அதுவும் நெட், மொபைல்னு சேர்த்து விக்குது. அமெரிக்காவுல வெரைசானும் இப்படித்தான், கலிஃபோர்னியா, டெக்சஸ், ஃபுளோரிடாவுல இருந்த வயர் லைன் தொழிலை 2016ல ஃப்ரான்டியர்ங்கிற கம்பெனிக்கு வித்துட்டு, 2024ல அந்த ஃப்ரான்டியரையே 2,000 கோடி டாலருக்கு வாங்கப்போறதா அறிவிச்சாங்க.

விலை விஷயத்துல பாடம்னா ஸ்பெயினைத்தான் பாக்கணும். 2012 அக்டோபர்ல டெலிஃபோனிகா கம்பெனி, மோவிஸ்டார் ஃபுசியோன்னு பேரு வச்சு நெட், லேண்ட்லைன், மொபைல் எல்லாத்தையும் ஒரே பில்லுல கொண்டுவந்தாங்க, அங்க பொருளாதாரம் மோசமா இருந்த நேரம், ஜனங்க கட்டமுடியாம விலகிட்டு இருந்தாங்க, அதனால பேக் வேகமா பிடிச்சுக்கிச்சு. மத்த கம்பெனிங்களுக்கு வேற வழியில்ல, வயர் இல்லாதவங்க வயர் இருக்கிறவங்களை வாங்க ஆரம்பிச்சாங்க. வோடஃபோன் 2014ல ஓனோவை 720 கோடி யூரோவுக்கு வாங்குச்சு, ஆரஞ்ச் 2015ல ஜாஸ்டெலை வாங்குச்சு. அவ்ளோ செலவு பண்ணியும் வோடஃபோன் 2024ல ஸ்பெயின் தொழிலையே வித்துட்டு வெளிய போயிடுச்சு, அதே வருஷம் ஆரஞ்சோட ஸ்பெயின் தொழிலும் மாஸ்மோவில்ங்கிற இன்னொரு கம்பெனியும் ஒண்ணாயிடுச்சு. முதல்ல வர்ற மலிவு விலை போட்டியால வர்றது, அந்தப் போட்டியே கம்பெனிங்களை ஒண்ணா சேர வைக்குது, சேர்ந்தப்புறம் போட்டி குறையுது. வணிகம் படிக்கிற நீ தள்ளுபடியை விட அந்தக் கடைசிக் கட்டத்தைக் கவனமா பாக்கணும்னு ஆசைப்படுறேன்.

கேள்வி: டெலிகாம் துறையில வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீட்டு வைஃபை மூலமா மொபைல் கால் பேசுற போன் 2005 வாக்குல வந்து காணாம போச்சே, ஞாபகம் இருக்கா? இப்ப வைஃபை காலிங்கும் அதுவும் ஒண்ணுதானா?

ஞாபகம் இருக்குங்க ஐயா, நீங்க சொல்றது பிடி ஃப்யூஷன். மொபைல் பிரிவை விட்டுட்டு நின்ன பிடி, வோடஃபோன் நெட்வொர்க்கை வாடகைக்கு எடுத்து 2005ல கொண்டுவந்தது. முதல்ல அது வைஃபை கூட இல்ல, ப்ளூடூத். வீட்டுக்குள்ள ஒரு பெட்டி, அதுக்குன்னு தனி போன், உள்ள வந்தா பிராட்பேண்ட் வழியா போகும், வெளிய போனா டவருக்கு மாறும். பிற்பாடு வைஃபைக்கு மாத்தினாங்க, 2009ல மூடிட்டாங்க. ஆரஞ்ச் கம்பெனி யூனிக்னு 2006லயும், அமெரிக்காவுல டி-மொபைல் 2007லயும் இதே மாதிரி கொண்டுவந்தாங்க. அதுக்குன்னு விசேஷமா செஞ்ச போன்லதான் வேலை செய்யும், ஜனங்க அப்பத்தான் தனக்குப் பிடிச்ச போனைத் தேடி வாங்க ஆரம்பிச்ச காலம், அதனால எடுபடல.

இன்னைக்கு எண்ணம் அதேதான், வழி வேற. பூட்டு போட்ட ஒரு பாதையை உங்க போன் இன்டர்நெட் வழியா மொபைல் கம்பெனியோட சர்வர் வரைக்கும் போட்டுக்குது, குரல் அதுக்குள்ள போகுது, 4ஜில குரலைக் கையாளுற அதே அமைப்புதான் இதையும் கையாளுறதால நீங்க பேசிக்கிட்டே வாசலைத் தாண்டினாலும் கால் கட் ஆகாம டவருக்கு மாறிடும். இங்க ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும், ஏன்னா பேக் விக்க வர்றவங்க சிலர் இதைத் தப்பா சொல்றாங்க: வைஃபை காலிங் வேலை செய்ய நெட்டும் சிம்மும் ஒரே கம்பெனியா இருக்கணும்னு அவசியமே இல்ல. யார் குடுத்த நெட்டா இருந்தாலும் பொதுவா வேலை செய்யும், சிம் கம்பெனி அனுமதிக்கணும், போன்ல ஆன் பண்ணியிருக்கணும், அவ்ளோதான். வீட்டுக்குள்ள சிக்னல் இல்லைங்கிற ஒரே காரணத்துக்காக பேக் வாங்க நினைக்கிறவங்க முதல்ல செட்டிங்ஸ்ல அதை ஆன் பண்ணிப் பாருங்க.

கேள்வி: வீட்டுல இருந்து வேலை பாக்குறேன். போன மாசம் ஒருநாள் நெட் போச்சு, சரி ஹாட்ஸ்பாட் போட்டுக்கலாம்னு பார்த்தா மொபைலும் போச்சு, ரெண்டும் ஒரே கம்பெனி. ஒரு மீட்டிங்கும் போக முடியல, யாருக்கும் தகவலும் சொல்ல முடியல. இது எப்படி ஒரே நேரத்துல போகும்?

உங்க கடிதத்தைப் படிச்சப்ப எனக்கு மனசு கனத்துப் போச்சு, ஏன்னா இது எங்க வீட்டுலயும் நடந்துச்சு. தெருவுல பள்ளம் தோண்டினவங்க கேபிளை வெட்டிட்டாங்க, வீட்டு நெட் போச்சு, அதே கேபிள்லதான் பக்கத்து டவரும் ஓடிட்டு இருந்திருக்கு, அதனால வீட்டுல இருந்த எல்லாருடைய சிம்மும் செத்துப்போச்சு, வயசான அம்மா தனியா இருந்த நேரம், எனக்கு கூப்பிட முயற்சி பண்ணி பண்ணி பார்த்திருக்காங்க. அன்னைக்கு சாயங்காலமே அம்மா போன்ல வேற கம்பெனி சிம் ஒண்ணு போட்டேன்.

அது கேபிள் வெட்டுனதால வந்தது. அதைவிடப் பெருசு ஒண்ணு இருக்கு, கம்பெனியோட நடு நெட்வொர்க்கே படுத்துக்கிறது. கோர்னு சொல்லுவாங்க, எல்லா டிராஃபிக்கும் வந்து பிரிஞ்சு போற இடம். கனடாவுல 2022 ஜூலை 8ந்தேதி விடியக்காலை ராஜர்ஸ் கம்பெனியில அந்தக் கோர்ல ஒரு அப்கிரேடு வேலை நடந்துட்டு இருந்துச்சு, ரவுட்டர்ல ஒரு வடிகட்டியை நீக்கிட்டாங்க, தேவைக்கு மேல வழித்தகவல் வெள்ளமா வந்து கோர் ரவுட்டருங்க தாங்க முடியாம விழுந்துச்சு. மொபைலும் வீட்டு நெட்டும் ஒரே கோர்ல ஓடினதால ரெண்டும் சேர்ந்து போச்சு. 1.2 கோடிக்கும் மேல வாடிக்கையாளருங்க, ஒரு நாளுக்கு மேல. கார்டுல காசு கட்ட முடியல, கம்பெனி ஊழியருங்க கையிலயும் அதே நெட்வொர்க் போன்தான் இருந்ததால சரி பண்ண வேண்டியவங்களே ஒருத்தரை ஒருத்தர் தொடர்புகொள்ள திணறினாங்க. இதுல மனசைப் பதற வைக்கிறது அவசர உதவி எண். சாதாரணமா நம்ம கம்பெனி டவர் இல்லைன்னா போன் அவசர அழைப்பை வேற கம்பெனி டவர் வழியா அனுப்பும், ஆனா அன்னைக்கு டவருங்க உயிரோட இருந்துச்சு, பின்னாடி இருந்த கோர்தான் செத்துப்போச்சு, போனுங்க சிக்னல் இருக்குன்னு நம்பி அதே டவரைப் பிடிச்சுக்கிட்டே நின்னுச்சு, நிறைய பேருக்கு 911 போகல. அதுக்கப்புறம் ராஜர்ஸ் மொபைல் கோரையும் வீட்டு நெட் கோரையும் தனித்தனியா பிரிக்கப்போறோம், குறைஞ்சது 25 கோடி கனடா டாலர் ஆகும்னு சொன்னாங்க. அடுத்த வருஷமே, 2023 நவம்பர் 8ல, ஆஸ்திரேலியாவுல ஆப்டஸ் கம்பெனிக்கு இதே மாதிரி ஆச்சு, அங்கயும் மொபைலும் நெட்டும் சேர்ந்து போச்சு, 2,000க்கும் மேல ஆளுங்களுக்கு அவசர எண் கிடைக்கல.

பில் ஒண்ணா இருக்கிறதுல எனக்கு வருத்தமே இல்ல, வழி ஒண்ணா இருக்கிறதுதான் பயம். பேக் எடுங்க, ஆனா வீட்டுல ஒரு சிம்மாவது வேற நெட்வொர்க்குல வையுங்க, இப்ப பெரும்பாலான போன்ல ரெண்டு சிம் போடலாம், மலிவான ப்ரீபெய்டு போதும், மாசம் ஒருதடவை டேட்டா ஆன் பண்ணிப் பாத்துக்கோங்க. பேரு வேற வேறயா இருந்தாலும் சில கம்பெனிங்க இன்னொருத்தர் டவரை வாடகைக்கு எடுத்து ஓட்டுறவங்க, அதனால அடியில எந்த நெட்வொர்க்குன்னு விசாரிச்சு வாங்குங்க. ரவுட்டர்லயே சிம் வச்சு, ஃபைபர் போனா தானா மொபைலுக்கு மாறுற பேக்கும் இருக்கு, கேபிள் வெட்டுப்பட்டா நிஜமாவே கைகொடுக்கும், ஆனா அந்த சிம்மும் அதே கம்பெனியோடதா இருந்தா கோர் விழுற அன்னைக்கு அதுவும் சேர்ந்து விழலாம்.

அவசரத்துல போன் சிக்னல் காட்டியும் கால் போகலைன்னா சிம்மைக் கழட்டிட்டு அவசர எண்ணை முயற்சி பண்ணுங்க. சிம் இல்லாம அவசர அழைப்பை அனுமதிக்கிற நாடுகள்ல போன் கிடைக்கிற எந்த நெட்வொர்க்கையும் பிடிக்கப் பார்க்கும்.

கேள்வி: ஃபைபருக்குப் பதிலா 5ஜி பெட்டி வச்சு வீட்டுக்கு நெட் தர்றோம், மொபைலோட சேர்த்து ஒரே பில்னு சொல்றாங்க. எடுக்கலாமா?

ஃபைபர் வர்ற வீடா இருந்தா ஃபைபரே எடுங்க. ஃபைபர்லயும் பங்கு போடுறாங்கதான், ஜிபான்னு வீட்டு ஃபைபர்ல இருக்கிற ஒரு முறையில நொடிக்கு 2.5 ஜிகாபிட்டை வழக்கமா 32 இல்ல 64 வீட்டுக்குப் பிரிப்பாங்க, ஆனா அந்த எண்ணிக்கைக்கு மேல போகாது. டவரை யார் யார் எப்ப பங்கு போடுவாங்கன்னு யாருக்கும் தெரியாது, சாயங்காலம் எல்லாரும் வீடு திரும்பினப்ப வேகம் இறங்கும். ஃபைபர் வராத இடத்துல, வாடகை வீட்டுல, அடிக்கடி வீடு மாறுறவங்களுக்கு அது நல்ல வசதிதான். ட்ரையல் இருந்தா ராத்திரி எட்டுல இருந்து பத்து வரைக்கும் ஓட்டிப் பார்த்துட்டு எடுங்க.

கேள்வி: கணவர் பேருல எல்லா நம்பரும் நெட்டும் ஒரே பேக்கா இருந்துச்சு. அவர் தவறிட்டார். பேங்க் கார்டு முடங்கினதும் ஆட்டோ பே நின்னு எல்லா நம்பரும் ஒண்ணா கட் ஆயிடுச்சு, என் பேங்க் ஓடிபி கூட வரல. என்ன செய்யணும் சார்?

ரொம்ப வருத்தமா இருக்குங்கம்மா. இந்த நேரத்துல உங்களை இப்படி அலைய விட்டிருக்கக் கூடாது.

முதல்ல பாக்கித் தொகையைக் கையிலயோ வேற கார்டுலயோ கட்டி நம்பருங்களை உயிர்ப்பிச்சு வையுங்க, ரொம்ப நாள் விட்டா நம்பரை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. அடுத்து இறப்புச் சான்றிதழ், உங்க அடையாள அட்டை, அவர்கூட உள்ள உறவுக்கான ஆதாரம் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு நேர்ல போய், நீங்க பயன்படுத்துற நம்பரை உங்க பேருக்கு மாத்தச் சொல்லி எழுதிக் குடுங்க, கொடுத்ததுக்கு ரசீது வாங்குங்க. போன்ல சொல்லி நடக்குற வேலை இல்ல இது. பேங்க்லயும் சொல்லி வையுங்க, ஓடிபி வர்ற நம்பரைத் தற்காலிகமா உங்க பேருல இருக்கிற வேற நம்பருக்கு மாத்திக்கலாம்.

மத்த வாசகர்களுக்கும் இதை வேண்டுகோளாவே வைக்கிறேன். பேக்ல ஒருத்தர் தலைமைக் கணக்கா இருப்பாரு, மத்தவங்க எல்லாம் அவர் கீழ சேர்ந்தவங்க. ஆனா இன்னைக்கு ஒருத்தரோட நம்பர்ங்கிறது அவங்க பேங்க், அவங்க அடையாளம், அவங்க வேலை. கட்டணம் ஒருத்தர் கட்டினாலும் நம்பர் அவங்கவங்க பேருல இருக்கட்டும், அப்படி வைக்க முடியாதுன்னு கம்பெனி சொன்னா வீட்டுல ஒவ்வொரு பெரியவங்களுக்கும் பேங்க்ல குடுத்த அந்த ஒரு நம்பரையாவது பேக்குக்கு வெளிய விடுங்க. தள்ளுபடி கொஞ்சம் போனா போகட்டும்.

கேள்வி: பேக்ல இருந்து வெளிய வரணும்னு முடிவு பண்ணிட்டேன். எதை முதல்ல நிறுத்தணும்?

எதையும் முதல்ல நிறுத்தாதீங்க! கஸ்டமர் கேர்ல கூப்பிட்டு எல்லாத்தையும் கேன்சல் பண்ணுங்கன்னு சொல்லிட்டீங்கன்னா நம்பரும் அதோட போயிடும், செத்த நம்பரை போர்ட் பண்ண முடியாது. புது ஃபைபரை முதல்ல போட்டு ரெண்டு மூணு நாள் ஓடுதான்னு பாருங்க, அப்புறம் ஒவ்வொரு நம்பரா போர்ட் பண்ணுங்க, எல்லா நம்பரும் புது இடத்துல உயிரோட வந்த பிறகு பழைய நெட்டை நிறுத்துங்க. நடுவுல பேக் உடைஞ்சதால மிச்சம் இருக்கிற சேவைக்கு அந்த மாசம் முழு விலை போடுவாங்க, அதைக் கணக்குல வச்சுக்கோங்க. பழைய நெட் கம்பெனி குடுத்த ஈமெயில் முகவரியை எங்கயாவது குடுத்திருந்தா அதை முன்னாடியே மாத்திடுங்க. ரவுட்டரைத் திருப்பிக் குடுக்கறப்ப அதுல இருக்கிற சீரியல் நம்பரை போட்டோ எடுத்து, ரசீதோட சேர்த்து வையுங்க, பெட்டி வரலைன்னு பல மாசம் கழிச்சு பில் வந்தவங்க எனக்கு நிறைய பேர் எழுதியிருக்காங்க.

மொபைலுக்கு போர்ட் வசதி நிறைய நாடுகள்ல வருஷக்கணக்கா இருக்கு, வீட்டு நெட்டுக்குத்தான் இன்னும் நாமளே ரெண்டு பக்கமும் பேசி அலையணும். பிரிட்டன்ல 2024 செப்டம்பர்ல இருந்து ஒன் டச் ஸ்விட்ச்னு கொண்டுவந்திருக்காங்க, புது கம்பெனிகிட்ட மட்டும் சொன்னா போதும், பழைய கம்பெனிகிட்ட பேசி நிறுத்துறதை அவங்களே பாத்துக்குவாங்க. ஆனா அது வீட்டு நெட்டுக்கும் லேண்ட்லைனுக்கும்தான், மொபைலுக்கு அங்கயும் தனி வழி. சேர்க்கிறதுக்கு ஒரே ஒரு போன் கால் போதும்னா பிரிக்கிறதுக்கும் ஒரே ஒரு கால் போதும்னு எல்லா நாட்டு ஒழுங்குமுறை ஆணையமும் விதி போடணும், அதுவரைக்கும் மேல சொன்ன வரிசையைக் கிழிச்சு ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வச்சுக்கோங்க.